இடது பின்சக்கரம்

அக்-தால், 6 மே 2001

அன்புள்ள சின்ன மிர்சாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே ஆட்களும் ஆடு மாடுகளும் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய்? பனியில் பிடித்த இருமல் விட்டதா? செல்யாபின்ஸ்கில் இன்னும் குளிர் என்று ரேடியோவில் சொன்னான். வெயிலைப் பார்த்ததும் கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். நம் வீட்டில் ஏழு ஆடுகள் ஈன்றன. ஒரு குட்டி மட்டும் தங்கவில்லை.

இப்போது லாரி விஷயம். உன் அண்ணன் போன நாளிலிருந்து தோரு முற்றத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இறந்தவரின் குதிரைமேல் வருஷ நினைவு விருந்து முடியும்வரை யாரும் ஏறக் கூடாது, இவருக்குக் குதிரை இந்த லாரிதான் என்று நான் சொன்னபோது முதலில் ஊரே சிரித்தது, பிறகு ஊரே தலையாட்டியது. அறுபத்தெட்டில் செய்த ரஷ்ய லாரிக்குத் தோரு, செங்குதிரை, என்று பெயர் வைத்தவர் அவர்தானே. சாவி என்னிடம் இருக்கிறது.

போன வாரம் பனி உருகிய தண்ணீர் முற்றத்தில் தேங்கிச் சக்கரம் பாதி முங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தாபால்டி டிராக்டர் கொண்டு வந்து இழுத்தான். முன்சக்கரங்கள் உருண்டன. பின்சக்கரங்கள் இரண்டும் அசையவே இல்லை, தரையை உழுதுகொண்டே வந்தன. "அண்ணி, உழவு ஆயிருச்சு, உருளக்கெழங்கு போட்ருவமா?" என்கிறான். பின் பிரேக் டிரம் இரண்டும் பிடித்துக்கொண்டன என்று சொல்கிறான்.

ஏறக் கூடாது என்றுதான் முறை. லாடம் கழற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விருந்து செப்டம்பர் கடைசியில். அது முடிந்த மறுநாளே வண்டி சுரங்கத்துக்கு ஓட வேண்டும். பனி மூடுவதற்குள் நிலக்கரி ஏற்றினால்தான் நான் யார் கையையும் எதிர்பார்க்காமல் இந்த வீட்டில் இருக்க முடியும். அந்தப் பின்பக்கத்தைக் கடைசியாகத் திறந்து மூடியவன் நீ, ரயிலேறுவதற்கு முந்தின நாள். அதனால் உன்னைக் கேட்கிறேன். டிரம்மை எப்படிக் கழற்றுவது? ஒன்று விடாமல் எழுது. என் கையாலேயே செய்கிறேன்.

பெரிய வீட்டுக்காரர் உன்னை விசாரித்தார். யார் என்று தெரியும்தானே, உன் பெரியப்பா மகன். கொழுந்தன் பேரையே சொல்லாமல் சின்ன மிர்சா என்கிறவள் மூத்தவர் பேரை எழுத்தில் மட்டும் எழுதிவிடுவேனா.

உன் அண்ணி
புருல்

---

செல்யாபின்ஸ்க், 30 மே 2001

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

எசெங்குல் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். இருமல் போய்விட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குட்டிகளை ஈரத்தில் படுக்க விடாதீர்கள். பஸ் பட்டறையில் வேலை இருக்கிறது. பிரேக் பிரிவிலிருந்து என்னை மாற்றிக்கொண்டேன். இப்போது பஸ் கழுவுகிறேன். வேலை லேசு, ஈரம் மட்டும்தான் கொஞ்சம் தொந்தரவு.

அண்ணி, அந்த வண்டியை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்? தோலோன் கணவாய் இறக்கத்தில் அண்ணனுக்குப் பிரேக் கொடுக்காமல் போன வண்டி. மலைச் சுவரில் மோதி நிறுத்தினாரே, அந்த ஸ்டியரிங்தானே அவர் நெஞ்சை உடைத்தது. அதே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து சுரங்கத்துக்குப் போவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படியே பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள். டிரம்மைக் கழற்றுவது வீண் வேலை. பழைய வார்ப்பிரும்பு, தட்டினால் உடைந்துவிடும், வேறு கிடைக்காது.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் விருந்துக்கு நான் வருவேன், வந்து பார்க்கிறேன். அதுவரை யாரையும் தொட விடாதீர்கள். ஓமுர்ஸாக் அண்ணன் என்ன விசாரித்தார்? என்ன கேட்டார் என்று அப்படியே எழுதுங்கள்.

கொழுந்தன்
எசெங்குல்

---

அக்-தால், 19 ஜூன் 2001

அன்புள்ள சின்ன மிர்சாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்காலை விசாரித்ததற்கு நன்றி, அது தன் வேலையைச் செய்கிறது. நீ பஸ் கழுவுகிறாய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் இருந்தபோது தேநீர்க் கிண்ணம் கழுவியது உண்டா நீ? பெண் பார்க்கப் போகும்போது இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

நான் டிரம் எப்படிக் கழற்றுவது என்று கேட்டேன். நீ லாரியை விற்கச் சொல்கிறாய். பல்வலி என்று போனவளிடம் தலையை வெட்டிக்கொள் என்பதா வைத்தியம்?

பெரிய வீட்டுக்காரர் கேட்டதை அப்படியே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். வியாழக்கிழமை பெரியவர்கள் நான்கைந்து பேரோடு வந்தார், விருந்துக்கு எத்தனை குதிரை அறுப்பது என்று பேச. பேசி முடித்து லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்சக்கரத்தைக் காலால் உதைத்தார். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"மருமவளே, பதினஞ்சு வருசம் லாரி ஓட்டுனவன் என் தம்பி. அவனுக்கு அந்த எறக்கம் வீட்டு வாசல் மாதிரி. அன்னைக்குப் பிரேக் ஏன் போச்சு? எவன் கை வச்சான் அதுல? விருந்தன்னைக்கு ஊரே கூடும். அன்னைக்கு கேஸ் கட்டர வச்சு அந்த டிரம்ம வெட்றேன். உள்ள என்ன இருக்குன்னு நாலு பேரு பாக்கட்டும். செஞ்சவன் நம்ம ரத்தமா இருந்தாலும் சரி, அப்புறம் நம்ம வாசல்ல அவனுக்குக் கிண்ணம் கெடயாது."

நான் சொன்னேன்: "வண்டி எம் புருசன் குதிர. வெட்டுறதா இருந்தா என்னையக் கேட்டுட்டு வெட்டுங்க."

"கேக்கத்தான் வந்திருக்கோம்," என்றார். கேட்ட மாதிரி தெரியவில்லை.

சின்ன மிர்சா, அவர் சொன்னால் செய்கிற ஆள். செப்டம்பர் 29க்கு முன்னால் அந்த இரண்டு டிரம்மும் என் கையால் கழன்றிருக்க வேண்டும். எழுது.

அண்ணி

---

செல்யாபின்ஸ்க், 6 ஜூலை 2001

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் சுகம். நீங்களும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே கொசு அதிகம்.

சரி, எழுதுகிறேன். வலதுபக்கத்தை மட்டும் முதலில் செய்யுங்கள். இடதுபக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், அச்சுக்கு அடியில் கட்டை அடுக்குங்கள். சக்கரம் கழன்றதும் டிரம் முகத்தில் மூன்று திருகாணி தெரியும். திருப்புளிக்கு வராது. உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துத் தட்டினால் நகரும். பின்பக்கத் தகட்டில் இரண்டு போல்ட் தலை இருக்கும். அவற்றைத் திருப்பினால் உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கும் ஷூ சுருங்கும். டிரம் தேய்ந்து தேய்ந்து ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு நிற்கும், ஷூவை அதுதான் வெளியே விடாது. அதனால் சுருக்காமல் இழுத்தால் எல்லாம் பிய்ந்துவிடும். சிலிண்டர் மூக்கில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி எண்ணெயை ஒழுக விடுங்கள். டீசலை இடுக்கில் ஊற்றி மூன்று நாள் ஊற வையுங்கள். பிறகு டிரம் முகத்தில் இருக்கும் இரண்டு மரை ஓட்டைகளில் போல்ட் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று சமமாக முறுக்குங்கள். நடு நடுவே சுற்றித் தட்டுங்கள். துரு விடும்போது ஒரு சத்தம் கேட்கும்.

நான் அன்றைக்கு ஷூமேல் அடிக்கும் உராய்வுப் பட்டையை, லைனிங்கை, மாற்றியது இடதுபக்கம் மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நாரின் நகர பஜாரில் வாங்கிய புதுச் சரக்கு. அண்ணனிடமும் சொன்னேன். ஓமுர்ஸாக் அண்ணன் கேட்டால் அதைச் சொல்லுங்கள். இல்லை, அவர் கேட்காமல் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

விருந்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியவில்லை.

எசெங்குல்

---

அக்-தால், 28 ஜூலை 2001

அன்புள்ள சின்ன மிர்சாவுக்கு,

எல்லோரும் சுகம். மேய்ச்சலுக்குப் போனவர்கள் குதிரைப்பால் குமிஸ் அனுப்பினார்கள். உன் பங்கையும் தாபால்டி குடித்துவிட்டான், உன் ஞாபகமாகத்தான் குடித்தானாம்.

வலது டிரம் வந்துவிட்டது! நீ எழுதியதை எழுத்து எழுத்தாகச் செய்தோம். நான் வாசிக்க, தாபால்டி திருகினான். அரைச் சுற்று, அரைச் சுற்று. மூன்றாம் சுற்றில் வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவன் குப்புற விழுந்து, "அண்ணி, நான் உசுரோட இருக்கனா பாருங்க," என்றான். "இருக்க, ஆனா வாயி முந்தி மாதிரியே இருக்கு," என்றேன். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் நான் சத்தமாகச் சிரித்தேன். உள்ளே துருப்பொடியும் தேய்ந்த லைனிங்கும்தான். ஆணித் தலை வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ச்சல். வேறொன்றும் இல்லை.

அடுத்து இடதுபக்கம். விடச் சொன்னாய், ஆனால் விட எனக்கு நாள் இல்லை. அதே டீசல், அதே மூன்று நாள், அதே அரைச் சுற்று. அசையவில்லை. இன்னும் மூன்று நாள் ஊற்றினேன். ஒரு போல்ட் முறிந்து ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. தாபால்டி சொல்கிறான், "அண்ணி, துருன்னா தட்டுனா கணீர்னு கேக்கும். இது மண்ணுல தட்டுன மாதிரி கேக்குது. துரு இல்ல இது." அவன் சூடு காட்டி இளக்க, நெருப்புச் சீறும் புளோ லாம்ப் எடுத்து வந்தான். பெட்ரோல் தொட்டி பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி நான் விரட்டிவிட்டேன்.

நீதானே அதை மாட்டினாய். அதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். நன்றாக யோசித்து எழுது. ஒன்றும் அவசரமில்லை என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அவசரம்.

அண்ணி

---

அக்-தால், 22 ஆகஸ்ட் 2001

அன்புள்ள சின்ன மிர்சாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமா? ரஷ்யாவிலிருந்து வரும் தபாலெல்லாம் தாமதம் என்கிறாள் தபால்காரி. மற்ற வீடுகளுக்கு வருகிறதே என்றால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். உடம்புக்கு ஏதாவதா? பட்டறையில் சண்டையா? போலீஸ் காகிதம் கேட்டுப் பிடித்துவிட்டதா? ஒரு வரி எழுது போதும்.

நான் காலையும் சாயங்காலமும் டீசல் ஊற்றுகிறேன். மாவில் தண்ணீர் ஊற்றுவதைப் போல இல்லை இது, ஊற்றினால் ஊற்றின இடத்திலேயே நிற்கிறது. விரலெல்லாம் வெடித்துவிட்டது. மாவு பிசைந்தால் எரிகிறது. ரொட்டியில் டீசல் வாடை வருகிறது என்று போன வெள்ளிக்கிழமை விருந்தாளி ஒருவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

பெரிய வீட்டு முற்றத்தில் நேற்று ஒரு கேஸ் சிலிண்டரை இறக்கினார்கள்.

அண்ணி

---

செல்யாபின்ஸ்க், 25 ஆகஸ்ட் 2001

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். வலதுபக்கம் கழன்றது கேட்டுச் சந்தோஷம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள், பட்டறையில் ஆள் குறைவு.

இடதுபக்கமும் துருதான். தாபால்டிக்கு என்ன தெரியும், அவன் டிராக்டர்க்காரன். டீசலை நிறுத்தாமல் இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஊற்றுங்கள். சூடு மட்டும் காட்ட வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடும். நீங்கள் புளோ லாம்பை விரட்டியது ரொம்பச் சரி. யார் சொன்னாலும் சூடு காட்டாதீர்கள்.

லீவு கிடைக்கவில்லை. விருந்துக்கு என்னால் வர முடியாது. அண்ணனுக்கு மண் போடவும் வரவில்லை, இதற்கும் வரவில்லை. பெரியவர்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு சால்வை அனுப்புகிறேன்.

எசெங்குல்

---

அக்-தால், 9 செப்டம்பர் 2001

எசெங்குல்,

இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருஷத்தில் உன் பேரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவள் நம் ஊர்க் கடைக்காரி சோனுன். அங்கே மொத்தக் கடையில் சரக்கு எடுக்க வருகிறாள். ஒரு நாள் தங்குவாள். தபாலை நம்பி இனி ஆகாது. பதிலை அவள் கையில் கொடு.

இருபது நாள் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது, வெட்டுகிற ஆளுக்கும் சொல்லிவிட்டார்கள். நான் டீசல் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ ஊற்றச் சொன்னாய், ஊற்றுகிறேன். தரை ஊறி லாரிக்கு அடியில் புல் செத்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் ஊற்ற வேண்டும் என்று உன் மனசைத் தொட்டு எழுது.

சால்வை வந்தது. நான் போட்டுக்கொள்ளவில்லை.

புருல்

---

செல்யாபின்ஸ்க், 13 செப்டம்பர் 2001

அண்ணி,

டீசல் ஊற்றுவதை நிறுத்துங்கள். அது துரு இல்லை, ரப்பர்.

சோனுன் வெளியே நிற்கிறாள், அவசரமாக எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் மன்னியுங்கள். முதலில் கழற்றும் வழியைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் முக்கியம்.

பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் தூரமாக வையுங்கள். ஊற்றிய டீசலைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், மூன்று முறை, நான்கு முறை. ஒரு நாள் முழுக்க வெயிலில் காயட்டும். அடியில் ஊறிய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். நான் சொல்லித்தான் இரண்டு மாதம் டீசல் ஊற்றினீர்கள், இப்போது அதே இடத்தில் நெருப்பு காட்டச் சொல்கிறேன். அண்ணி, தயவு செய்து கழுவாமல் ஆரம்பிக்காதீர்கள். பாவாடையை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இரண்டு வாளி மணல், ஈரக் கம்பளி. தண்ணீரை மட்டும் சூட்டு டிரம்மில் ஊற்றாதீர்கள், அதுதான் விரிசல் விடும்.

புளோ லாம்பை டிரம்மின் வெளி வட்டத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்த வேண்டாம். கருகிய காலோஷ் ரப்பர்ச் செருப்பு வாடை வரும். வந்ததும் லாம்பை அணைத்துவிட்டு, பின்பக்கமிருந்து கட்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடியுங்கள், ஒரு அடி மேலே, ஒரு அடி கீழே. ஆறுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். முறிந்த போல்ட்டைப் பற்றிக் கவலை இல்லை, அது தேவைப்படாது.

உள்ளே இருப்பது கடை லைனிங் இல்லை. அன்றைக்கு நாரினுக்குப் போனேன், பஜார் பூட்டியிருந்தது. மறுநாள் ரயில். சுரங்கத்தில் அறுந்து கிடந்த, கரி ஏற்றும் ரப்பர் கன்வேயர் பெல்ட்டை வெட்டி ஷூவில் ஆணி அடித்துவிட்டேன். நம் ஊரில் டிராக்டருக்கெல்லாம் அதைத்தானே போடுகிறோம், வயலில் அது வருஷக்கணக்கில் தாங்குகிறது. கணவாய் இறக்கம் வயல் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். போய்ச் சேர்ந்ததும் நல்லது வாங்கி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன், "கடச் சரக்கா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொன்னேன். இங்கே வந்து வேலை தேடும் அலைச்சலில் மறந்துபோனேன். ஐந்து வாரம் மறந்தேன். தந்தி வந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

ஐந்து டன் கரியோடு இறங்கும்போது ரப்பர் இளகியிருக்கும். அந்தச் சூடு சிலிண்டருக்கு ஏறிப் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கும். கொதித்தால் மிதி தரைக்குப் போய்விடும், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. இங்கே ஒவ்வொரு பஸ்ஸின் டிரம்மைத் திறக்கும்போதும் எனக்கு அதுதான் தெரிந்தது. அதனால்தான் கழுவப் போனேன்.

உங்கள் கடிதம் ஒவ்வொன்றும் வரும்போது பிரிக்கப் பயமாக இருந்தது. திறந்துவிட்டீர்கள் என்று எழுதியிருப்பீர்களோ என்று. திறக்கவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் டீசல் டீசல் என்று எழுதினேன்.

ஓமுர்ஸாக் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். என் அண்ணனைக் கொன்றது நான்தான். இனி எனக்கு அந்த வாசல் இல்லை. நெருப்பு ஜாக்கிரதை, அண்ணி. கழன்றதா, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று மட்டும் ஒரு வரி.

எசெங்குல்

---

அக்-தால், 20 செப்டம்பர் 2001

எசெங்குல்,

உயிரோடு இருக்கிறேன். ஒரு புருவம் போய்விட்டது. எவ்வளவு கழுவியும் அடித்தகட்டின் மடிப்பில் கொஞ்சம் டீசல் ஒளிந்திருந்தது. குப்பென்று மேலே வந்தது, மணலைக் கொட்டினேன். மறுபடி ஆரம்பித்தேன். ஆண்கள் எல்லோரும் விருந்துக்குக் குதிரை ஓட்டிவர மலைக்குப் போயிருந்தார்கள், முற்றத்தில் நான் மட்டும்தான். வாடை வந்தது. அடித்தேன். எட்டாவது அடியில் டிரம் கழன்று மண்ணில் விழுந்தது. முழுசாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நீ ஜூலையிலேயே எழுதியிருந்தால் ஜூலையிலேயே கால் மணி நேரம்தான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் அண்ணன் நாரின் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் பேச்சு நன்றாக வந்தது. சொன்னார்: "எடது பின்சக்கரத்துல ரப்பர் நாத்தம். பெல்ட்டப் போட்ருக்கான் பய. ரெண்டு நடையாவே நாத்தம் வருது, பிரிச்சுப் பாக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நெனச்சுக்கிட்டே அஞ்சு டன் ஏத்திட்டேன் பாரு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்ட்ட நீயாக் கேக்காத புருல். அவனாச் சொல்லட்டும். வேற யாரும் தொறக்க விட்ராத," என்றார்.

அதனால்தான் லாரியைக் குதிரை ஆக்கினேன். இல்லாவிட்டால் இரும்பை வைத்து அழ எனக்கென்ன பைத்தியமா? அவருடைய கல்லறையில் அழ எனக்கு இடம் இருக்கிறது. வருஷம் முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது, அதற்கு வேறு வழி தெரியவில்லை. தாபால்டி லாம்பைக் கொண்டு வந்தபோது விரட்டியதும் அந்த வாடை அவனுக்குப் போகக் கூடாது என்றுதான். உள்ளே ரப்பர் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஒட்டிய ரப்பரை எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான், உன்னைத் தவிர யாரிடமும் நான் கேட்க முடியாது. மே மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நேற்று பெரிய வீட்டுக்காரர் வந்தார். இரண்டு டிரம்மும் கழன்று சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார், புருவம் இல்லாததை.

"எடதுல என்ன இருந்துச்சு, மருமவளே?"

"எங்கொழுந்தன் வந்து சொல்லுவான்," என்றேன்.

"அவனுக்கு லீவு இல்லன்னாங்களே?"

"வருவான்."

கேஸ் சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். உன் கடிதத்தை அவரிடம் நான் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அந்த ஷூவைத் துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுப்பில் போடுவதா, அவர் முன்னால் விரித்து வைப்பதா என்பது உன் வேலை. அண்ணனைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறாய். பாதி உன்னுடையது, பாதி அவருடையது. அவர் தன் பாதியை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரப்பருக்காக உன்மேல் எனக்கிருந்த கோபம் அவர் கையைப் பிடித்த அன்றைக்கே போய்விட்டது. இந்த இரண்டு மாத டீசலுக்குத்தான் இன்னும் போகவில்லை. என் விரல்கள் இன்னும் மூடவில்லை, எசெங்குல். உன் பயம் குறைய என் கையை ஊற வைத்தாய். அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது, நேரில் திட்டினால்தான் எனக்கு ஆறும்.

சோனுன் மறுபடி சரக்குக்குக் கிளம்புகிறாள், இந்தக் கடிதம் 23ஆம் தேதி உன் கைக்கு வரும். 25ஆம் தேதி ரயில் இருக்கிறதாம், அவளிடம் கேட்டுவிட்டேன். விருந்தன்று வரிசையில் இறந்தவரின் தம்பிக்கான இடம் உன்னுடையது. அதில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே. வா.

புருல்